பதினெட்டு தௌவும் வெள்ளைப் பெயின்டும்

முப்பத்து நான்கு ஆண்டு உத்தியோகத்தில் என் சர்வீஸ் ரிஜிஸ்தரில் ஏறிய கெட்ட குறிப்பு ஒன்றே ஒன்று. "அரசாங்கப் பொருள்மீது எழுதப்பட்டிருந்த எண்களை முன் அனுமதியின்றி அழித்தார்." படிப்பவர்கள் நான் ஏதோ இரும்புப் பீரோவைத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தையில் விற்றுவிட்டதாக நினைக்கக்கூடும். நான் அழித்தது, விரல் நீளமுள்ள இரண்டு எஃகுத் தகடுகளின் மேலிருந்த எண்களை. அவற்றை எழுதியவனும் நான்தான்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு என்னைக் கட்டுமாவடிக்கு மாற்றினார்கள். இன்றைக்கு அந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம். அன்றைக்குத் தஞ்சாவூர் ஜில்லா. புதுக்கோட்டை ராஜாவின் சமஸ்தானமாக இருந்தது. புதுக்கோட்டையில் பிறந்து அங்கேயே காலேஜும் முடித்த நான், நாற்பது மைல்கூட இல்லாத கடற்கரைக்கு வேலைக்கு வந்ததை உறவினர்கள் அந்நிய தேசத்துக்குப் போனதாகவே பேசிக்கொண்டார்கள்.

எங்கள் அலுவலகத்தின் வேலை, இலங்கையிலிருந்து தீர்வை கட்டாமல் சரக்கு ஏற்றிவரும் படகுகளைப் பிடிப்பது. கடத்துகிறவர்களிடம் பாய்மரமும் காற்றும் இருந்தன. எங்களிடம் ஒரு துடுப்புப் படகு இருந்தது. அதில் துரத்திப் போய் நாங்கள் பிடித்தது பெரும்பாலும் ஜலதோஷம். எனவே மேலிடம் யோசித்து, நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் வைத்த ஒரு விரைவு லாஞ்சை அனுப்பியது. கூடவே எஞ்சினைப் பற்றி ஒரு புத்தகம், ஒரு கருவிப் பெட்டி, ஒரு தற்காலிக டிரைவர்.

டிரைவர் கந்தர்வக்கோட்டைப் பக்கத்து ஆள். என்னைவிட ஒரு வயது இளையவர். புதுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நடுவே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். முந்திரித் தோப்பும் ஏரியும் பார்த்து வளர்ந்த அவருக்குக் கடல் புதிது. லாஞ்சை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு சார். பிரேக்கு எங்கிட்டு இருக்கு?"

"பிரேக் கிடையாதுப்பா."

"அப்ப நிக்கிறது?"

"அதுவா நிக்கும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு."

"எங்க பஸ்ஸும் அதுவாத்தான் நிக்கும். அதுக்காவ பிரேக்கு வைக்காமலா விட்டாங்ய?"

நான் அந்த அலுவலகத்தின் ஒரே குமாஸ்தா. கோப்பு, பதிவேடு, சாமான் இருப்பு எல்லாம் என் பொறுப்பு. விதிப்புத்தகத்தை எனக்கு முன்பிருந்தவர்கள் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அதை எடுத்துத் தூசி தட்டி முழுக்கப் படித்தவன் நான் ஒருவனே. அதில் ஒரு விதி உண்டு: அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளின் மீதும் இருப்பு எண் பெயின்டால் எழுதப்பட வேண்டும். எண் தெளிவாகத் தெரியும்பொருட்டு முதலில் வெள்ளை அடித்து, காய்ந்தபின் அதன்மேல் கறுப்பில் எழுத வேண்டும். நாற்காலிக்கும் வாளிக்கும் எழுதினேன். கருவிப் பெட்டி வந்ததும் சுத்தியலுக்கும் ஸ்பானருக்கும் எழுதினேன்.

அந்தப் பெட்டியில் ஒரு கேஜ் இருந்தது. பேனாக்கத்தி மாதிரி ஓர் உறை. அதற்குள்ளிருந்து விசிறியாக விரியும் எட்டு மெல்லிய எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனம். அது ஒரு பொருளா, எட்டுப் பொருளா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். விதி "ஒவ்வொரு பொருளும்" என்கிறது. எட்டுத் தகடுக்கும் எட்டு எண் கொடுத்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரியட்டும் என்று இரண்டு பக்கமும் எழுதினேன். இந்த இரண்டாவது பக்கம் விதியில் இல்லை. அது என் சொந்த ஆர்வம்.

பெயின்ட் காய்ந்தபின் தகடுகள் உறைக்குள் மடங்க மறுத்தன. உறை இறுக்கமாகச் செய்யப்பட்டிருப்பதாகச் அதை அனுப்பிய சென்னைக் கம்பெனிக்குப் புகார்க் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. ஒரு நினைவூட்டு எழுதினேன். பிறகு இரண்டாவது நினைவூட்டு.

கேஜ் எதற்கு என்று சொல்ல வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் முனையில் இரண்டு கம்பிகள் எதிரெதிரே நிற்கும். நடுவே ஒரு சின்னச் சந்து. மின்பொறி அந்தச் சந்தைத் தாண்டிக் குதித்தால்தான் பெட்ரோல் பற்றும். சந்து மிகவும் சிறுத்தால் பொறி நோஞ்சானாகிவிடும். மெதுவாக ஓட்டும்போது பிளக்கில் எண்ணெயும் கரியும் படிந்து எஞ்சின் நின்றுபோகும். சந்து பெருத்தால் மெதுவாக ஓடுகிறவரை எஞ்சின் கச்சேரி செய்யும். வேகத்தைக் கூட்டி, சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியதும், பொறியால் தாண்ட முடியாமல் இருமத் தொடங்கும். பஸ்ஸில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் சமாளிக்கலாம். விரைவு எஞ்சின் அதையெல்லாம் பொறுத்துக்கொள்வதில்லை. எங்கள் எஞ்சினுக்குப் புத்தகம் சொன்ன அளவு பதினெட்டு தௌ. ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்குப் பட்டறையில் தௌ என்று பெயர்.

டிரைவருக்குத் தௌ தேவைப்படவில்லை. கட்டைவிரல் நகத்தைச் சந்தில் நுழைத்துப் பார்ப்பார். நுழைந்தால் சரி. அவருடைய பஸ்ஸுக்கு அந்தக் கணக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. லாஞ்சுக்குப் போதவில்லை. வந்த இரண்டாம் மாதம், தலைமையிடத்து அதிகாரி முதல்முறையாகப் பார்வையிட வந்து லாஞ்சில் ஏறினார். கரையை ஒட்டி மெதுவாகப் போகும்போது எஞ்சின் நின்றது. லாஞ்ச் மிதந்து போய் ஒரு வலைக்குள் மாட்டிக்கொண்டது. வலைக்காரர்கள் அதிகாரியையும் சேர்த்துத்தான் இழுத்தார்கள். அன்றைய மீன்பாடு நல்ல பாடு என்று கரையில் யாரோ கத்தியது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

மறுவாரமே உத்தரவு வந்தது. பிளக்கின் இடைவெளியை டிரைவர் இனித் தன் இஷ்டப்படி வைக்கக் கூடாது. தினமும் குமாஸ்தா கேஜால் அளந்து, பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். படகின் ஓட்டம் சீராகாவிட்டால் டிரைவரின் நியமனம் முடித்துக்கொள்ளப்படும்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். தகடுகளில் பத்து தௌவும் எட்டு தௌவும் இருந்தன. சேர்த்துப் பிடித்தால் பதினெட்டு. கூட்டல் எனக்கு வரும். தினமும் காலையில் நாலு பிளக்கையும் கழற்றச் சொல்லி, இரண்டு தகடுகளையும் சேர்த்து நுழைத்து, இடைவெளியை அதற்கேற்ப விரிக்கச் செய்து, கையெழுத்துப் போட்டேன். எஞ்சினைக் கிளப்பினால் மெதுவான ஓட்டத்தில் தேன் மாதிரி ஓடியது.

"கேட்டியாப்பா? இதுதான் புஸ்தகக் கணக்கு."

"கேட்டேன் சார். நிக்கிறப்ப நல்லாத்தான் ஓடுது. ஓடுறப்பதானே நிக்கிது."

உண்மைதான். வேகத்தைக் கூட்டினால் லாஞ்ச் ஆஸ்துமாக்காரர் மாடி ஏறுவதுபோல் இருமியது. மாதம் போகப் போக இன்னும் மோசமானது. பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு டிரைவர் சொல்வார்: "சார், இது கண்ணுக்கே ஓட்டைப்பல்லு மாதிரி தெரியுது. இதுவா பதினெட்டு?"

"நகம் வளரும், தேயும். எஃகு வளருமா?"

எஃகு வளரவில்லை. ஆனால் உரசி மங்கிய எண்களுக்கு நான் மாதம் ஒருமுறை புதிதாகப் பெயின்ட் பூசிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அலுவலகத்துக்கு ஒருவர் வருவார். மணமேல்குடியில் மீன் ஏலம் எடுப்பவர். டிரைவருக்கு உறவில் மாமன். அவர் மகளைத்தான் டிரைவர் கட்டிக்கொள்வதாகப் பேச்சு. வந்ததும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, மருமகனாகப் போகிறவரைத் திரும்பியும் பார்க்காமல் நேரே என் மேஜைக்கு வருவார்.

"ஐயா, நம்ம தம்பிக்கு பென்ஷன் உண்டுங்களா?"

"வேலை நிரந்தரமானா உண்டுங்க. இன்னும் ஆகலை. இருபத்தஞ்சு வயசு ஆளுக்கு இப்பவே பென்ஷன் எதுக்குங்க?"

"அவனுக்கு எதுக்குங்க? எம்மகளுக்குத்தான். மீனு இன்னைக்கு வரும், நாளைக்கு வராது. பஸ்ஸு இன்னைக்கு ஓடும், நாளைக்கு அச்சு முறியும். பென்ஷன் ஒண்ணுதானுங்களே மாசாமாசம் தானா கரையேறும்?"

தை மாதம் வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. "அறந்தாங்கியில ஒரு வாத்தியாரு வீட்டுல பொண்ணு கேட்டிருக்காங்க. நிரந்தர உத்தியோகம். பங்குனி வரைக்கும் பொறுப்பேங்க. அதுக்கு மேல எம்மேல வருத்தப்படக் கூடாது."

அவர் போனபின் டிரைவரிடம் கேட்டேன். "அந்தப் புள்ள என்ன சொல்லுது?"

"வாத்தியாருன்னா பெரம்பால அடிக்கிற பழக்கம் இருக்கும்னு சொல்லுதாம் சார்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா பென்ஷன் இருக்கே" என்றார்.

மாசி நடுவில் தலைமையிடத்துக் கடிதம் வந்தது. அதிகாரி நேரில் வருகிறார். நாலு மைல் தள்ளிக் கடலில் நட்டிருந்த கொடிக்கம்பம்வரை போய் அரை மணிக்குள் லாஞ்ச் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் லாஞ்ச் வேறு துறைமுகத்துக்கு அனுப்பப்படும். டிரைவர் வீட்டுக்கு. படகின் குறைபாட்டுக்குக் காரணம் "டிரைவரின் கவனக்குறைவு" என்றும் அதில் இருந்தது. அந்த வாசகம் கோப்பில் எப்படி வந்தது என்றால், மாதாந்தர அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தை நான்தான் நிரப்புவேன். இடைவெளி தினமும் அளக்கப்படுகிறது, கையெழுத்து இருக்கிறது. பிறகு வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

சோதனை ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. அதிகாரி முதல் நாள் மாலையே வந்து பங்களாவில் தங்கிவிட்டார். நாங்கள் காலை ஏழு மணிக்கு ஒரு வெள்ளோட்டம் விட்டோம். பாதி வேகம் தாண்டுமுன்பே இருமல். டிரைவர் விசையைக் குறைத்து, லாஞ்சைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்து கட்டினார். கோபமே இல்லாமல் பேசினார்.

"விடுங்க சார். நான் பஸ்ஸுக்கே போயிடுறேன். அங்க அச்சு முறிஞ்சாக் கூட பயணிக எறங்கித் தள்ளுவாங்ய. இங்க யாரு எறங்குறது?"

அலுவலகத்துக்கு வந்தேன். எட்டரை மணிக்கு அறந்தாங்கி பஸ்ஸில் தபால் வந்தது. மேலே சென்னைக் கம்பெனியின் கடித உறை. என் புகாருக்கும் இரண்டு நினைவூட்டுகளுக்கும் சேர்த்து ஒரே பதில். இரண்டே வரி. கேஜை உறைக்குள் மடக்கி வைத்துத்தான் அனுப்பினோம். தங்கள் கைக்கு வந்தபின் அதை என்ன செய்தீர்கள் என்பதைத் தெரிவிக்கக் கோருகிறோம்.

திமிர் பிடித்த பதில் என்று முதலில் நினைத்தேன். பதிலுக்குப் பதில் எழுத ஒரு தாளையும் எடுத்துவிட்டேன். "பெற்றுக்கொண்டபின் யாதொரு மாற்றமும் செய்யப்படவில்லை" என்று எழுதி, "விதிப்படி எண் எழுதியதைத் தவிர" என்று சேர்த்தேன். அங்கே பேனா நின்றது.

கேஜை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். ஒரு தகடு, அதன் இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் வெள்ளை. அதன்மேல் கறுப்பு. அதன்மேல் மாதாமாதம் மறுபூச்சு. இன்னொரு தகட்டிலும் அப்படியே. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பெயின்ட் பூசிய பக்கம் நாலு. எஞ்சின் பதினெட்டு தௌ கேட்டது. நான் அதற்குத் தினமும் முப்பதுக்குக் குறையாமல் அளந்து கொடுத்து, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

கரைக்கு ஓடினேன். நான் ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வழிவிட்டார்கள்.

"என்ன சார், ஆபீஸு தீப்பிடிச்சிருச்சா?" என்றார் டிரைவர்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கேஜை வாங்கி, பக்கவாட்டில் பார்த்து, மெதுவாகத் தலையை ஆட்டினார். "ஆறு மாசமா இந்தச் சுண்ணாம்புச் செவத்தையா உள்ள விட்டு அளந்தீங்க?"

"சுரண்டணும்."

"சுரண்டுங்க."

இங்கே ஒரு விதி குறுக்கிட்டது. இருப்பு எண்ணை அழிக்க வேண்டுமானால் மேலதிகாரியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். மேலதிகாரி அரை மைல் தூரத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அனுமதி கேட்டு மனு எழுதலாம். அவர் ஏன் என்று கேட்பார், பழைய கோப்பைக் கொண்டுவரச் சொல்வார். கோப்பு வந்து சேரும்போது மணி பத்தாகியிருக்கும். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விதி என் முன்னால் நின்று என்னைப் பார்த்தது, நானும் அதைப் பார்த்தேன். பிறகு டிரைவரிடம், "மண்ணெண்ணெய் கொண்டா" என்றேன். பென்சில் சீவ என் பையில் வைத்திருக்கும் சவர பிளேடால் இரண்டு தகடுகளைச் சுரண்டினேன். மீதி ஆறைத் தொடவில்லை; தேவையில்லாமல் விதி மீறுகிற ஆள் இல்லை நான்.

பத்தும் எட்டும் பளபளவென்று வெளியே வந்தன. நாலு பிளக்கையும் புதிதாக அளந்து வைத்தோம். தகடுகள் உள்ளே போனபோது, உரசியும் உரசாமலும் மெல்லிய பிடிப்பு இருந்தது. டிரைவர் பழக்க தோஷத்தில் நகத்தையும் நுழைத்துப் பார்த்தார்.

"நகத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் சார்."

"எவ்வளவு?"

"ஒங்க பெயின்டைவிடக் கம்மி."

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். மாமாவும் வந்திருந்தார், யாரும் அழைக்கவில்லை. கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, ஏலத்துக்கு வந்த சுறாவைப் பார்ப்பதுபோல் லாஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி கடிகாரத்தை என்னிடம் கொடுத்து லாஞ்சில் ஏறச் சொன்னார்.

எஞ்சின் கிளம்பியது. பழைய சங்கீதம் இல்லை. கொஞ்சம் கரகரப்பு.

"காலையில பங்களாவுல கேட்டப்ப சத்தம் நல்லா இருந்ததே?" என்றார் அதிகாரி.

"முந்தி சத்தம் மட்டுந்தாங்க நல்லா இருந்துச்சு" என்றார் டிரைவர்.

முகத்துவாரம் தாண்டியதும் விசையைத் தள்ளினார். நான் இருமலுக்காகக் காத்திருந்தேன். பாதி வேகம். முக்கால் வேகம். லாஞ்சின் மூக்கு உயர்ந்தது. அதிகாரியின் தொப்பி பறந்தது. அதை எடுக்கத் திரும்ப வேண்டாம் என்று அவரே கையசைத்தார். இருமல் வரவேயில்லை. கொடிக்கம்பத்தைச் சுற்றும்போது வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. சந்து சிறுத்திருந்தால் பழைய மாதிரி அங்கேதான் நிற்க வேண்டும். டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். எஞ்சின் ஒருமுறை முனகிவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டது. வழியில் வள்ளத்தில் இருந்தவர்கள் துடுப்பை உயர்த்திக் கூவினார்கள். இந்தத் தடவை கேலிக்கு அல்ல. கரை வந்தபோது இருபத்தேழு நிமிஷம்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அதிகாரி மேஜையில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார்.

"படகு நல்லா ஓடுது, சரி. இத்தனை மாசம் ஏன் ஓடலை? டிரைவர் கவனக்குறைவுன்னு மாசாமாசம் நீர்தானே எழுதியிருக்கீர்? அதுக்குப் பதில் இல்லாம இந்த ஆளை நான் எப்படி நிரந்தரம் பண்றது?"

வாசலில் டிரைவர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மாமாவின் தலை. நான் சும்மா இருந்தால் என் ரிஜிஸ்தர் வெள்ளையாக இருக்கும். கேஜை எடுத்து மேஜைமேல் வைத்தேன். இரண்டு தகடு எஃகு, ஆறு தகடு வெள்ளை. எண் எழுதியதிலிருந்து சுரண்டியதுவரை வரிசையாகச் சொன்னேன். அதிகாரி கேஜை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினார். பிறகு கைக்குட்டையை எடுத்துவிட்டு மிகக் கண்டிப்பான குரலில், "எல்லாத்தையும் எழுத்துமூலமாக் கொடும்" என்றார்.

கொடுத்தேன். பங்குனி பிறந்த வாரத்தில் ஒரே உறையில் இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்றில் டிரைவருக்கு நிரந்தரம். இன்னொன்றில் எனக்கு, ஆரம்பத்தில் சொன்ன அந்தக் குறிப்பு. மீதி ஆறு தகடுகளின் எண்ணையும் அழிக்க அனுமதி கேட்டு முறைப்படி மனுப் போட்டேன். யுத்தம் முடிந்தபின் அனுமதி கிடைத்தது. லாஞ்சை அதற்கு முன்பே யுத்தத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கேஜும் அதோடு போய்விட்டது.

உத்தரவு வந்த அந்த வெள்ளிக்கிழமையும் மாமா வந்தார். செருப்பை விட்டார். இந்தத் தடவை என் மேஜைக்கு வருமுன் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"என்ன மாப்ளே, சாப்பிட்டீங்களா?"

'தம்பி' ஒரே வாரத்தில் 'மாப்ளே' ஆகியிருந்தார். மரியாதையும் கூடவே வந்திருந்தது. உத்தரவை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு நம்பரு இருக்கணுமேங்க. எங்கிட்டு இருக்கு?"

மேல் மூலையில் இருந்த எண்ணைக் காட்டினேன். மை கொஞ்சம் மங்கலாக இருந்தது. பழக்கத்தில் என் கை பேனாவை எடுத்தது.

"மாமா, தாளைச் சட்டுனு வாங்கிக்கங்க" என்றார் டிரைவர். "வெள்ளை அடிச்சிடப் போறாரு."